நகல் காட்டிய ஏரி

ஒரு காட்டுமலையில் ஏரி ஒன்று இருந்தது. அதில் மீன் இல்லை. குஞ்சு விட இரண்டு பேரை அனுப்பினார்கள். காடு அவர்களுக்குப் புதிது. கையில் ஒரு திசைகாட்டி, ஒரு வரைபடம். அதுவும் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்த நகல்.

நகலுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "அசலில் இருக்கும் கோடெல்லாம் என்னிடமும் இருக்கிறது," என்று திசைகாட்டியிடம் அளந்தது.

"நிறம்?"

"அது வெறும் அலங்காரம்."

காசிலிங்கத்தின் தோளில் ஆக்சிஜன் அடைத்த பை. உள்ளே மீன்குஞ்சுகள். மதியத்துக்குள் ஏரியில் விடாவிட்டால் அத்தனையும் செத்துப்போகும். அவன் மைத்துனன் திருமால் நகலை விரித்தான். பெரிதாக ஒரு வட்டம், சிறிதாக ஒரு வட்டம். அசலில் ஏரி நீலமாக இருந்திருக்கும்; இதில் இரண்டும் கறுப்பு.

"எதுப்பா ஏரி?"

நகலுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமுமில்லை. "பெரிய வட்டம்."

கோடுகளின் மேல் உயரம் குறித்த எண்கள் பொடிப்பொடியாக உட்கார்ந்திருந்தன. அவை என்னவோ முனகின. நகல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடந்தார்கள். மூச்சு வாங்கியது.

"மச்சான், ஏறிக்கிட்டே இருக்கோமே. தண்ணி மேலயா நிக்கும்?" என்றான் திருமால்.

"மலை ஏரி. மேலேதான் இருக்கும்," என்றது நகல்.

"கேட்டுக்க மாப்ள. படிச்ச காகிதம்."

உச்சி வந்தது. மொட்டைப் பாறை. அதில் ஓர் ஓணான் வெயில் காய்ந்தது.

"இங்கயே கொட்டிருவோமா மச்சான்? சாயங்காலம் கருவாடா அள்ளிக்கலாம்."

காசிலிங்கம் பையைப் பார்த்தான். குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நகலும் பார்த்தது.

"எனக்குத் தெரியவில்லை," என்றது, கிழிந்துவிடும் குரலில். "எண்களே, நீங்கள் சொல்லுங்கள்."

"இந்த வட்டத்துக்குள் போகப்போக நாங்கள் கூடுகிறோம். கூடினால் மேடு. அந்தச் சின்ன வட்டத்தை நோக்கிக் குறைகிறோம். அங்கேதான் பள்ளம், அங்கேதான் தண்ணீர். கிழக்கே இறங்குங்கள்."

திசைகாட்டி கிழக்கைக் காட்டியது. சறுக்கியும் விழுந்தும் இறங்கினார்கள். காசிலிங்கம் பையை ஏரியில் மிதக்கவிட்டான். குஞ்சுகளுக்குக் குளிர் பழகியதும் பையின் கட்டை அவிழ்த்தான். அவை சிதறி ஓடின. இரண்டு மட்டும் மல்லாந்து மிதந்தன.

நகல் அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போற வழி எதுப்பா?" என்றான் திருமால்.

நகல் வாயெடுத்தது. மூடிக்கொண்டது.

"கொஞ்சம் பொறு. கேட்டுச் சொல்கிறேன்."