தொட்டியில் நில்லாத தண்ணீர்

சனிக்கிழமைதோறும் பெர்சியாள் அம்மாள் ஆலயத்தைப் பெருக்கிக் கழுவுவார். கொல்லிமலை அடிவாரத்துச் சிறிய பாப்டிஸ்ட் சபை அது. கூலி கிடையாது, அவர் கேட்டதும் இல்லை. மற்ற நாட்களில் சவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவினார். வெடித்துப்போன அந்த விரல்களாலேயே பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கி, அடியில் இருந்த ஞானஸ்நானத் தொட்டியைப் பாட்டுப் பாடிக்கொண்டே தேய்ப்பார்.

அந்தச் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை. வளர்ந்து, விசுவாசித்து, எல்லார் முன்னும் சாட்சி சொன்னவர்களைத்தான் தொட்டியில் முழுக்குவார்கள். நிரப்புவதற்குக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தவர் பெர்சியாள் அம்மாள்.

கணவர் சீலா பக்கவாதத்தில் படுத்தபோது, துடைத்துவிட்டு, ஊட்டி, கடைசி நாள்வரை அவருக்கு வேதம் வாசித்தார். பிறகு ஒரே மகன் ஒநேசிமு, பேரூராட்சியில் தெருக் கூட்டும் பூவாத்தாளை மணந்தான். அவிசுவாசியை மணந்தவன் என்று சொல்லி மூப்பர் ஞானாபரணம் அவனைச் சபையிலிருந்து நீக்கினார். அதே ஆண்டில் மூப்பரின் தம்பி மகனும் ஓர் இந்துப் பெண்ணைத்தான் மணந்தான். அவள் சொந்தச் சாதி. வீட்டு வாசலில் பந்தல் போட்டு விருந்து வைத்தார்கள்.

மஞ்சள் காமாலையில் ஒநேசிமு இறந்தான். நீக்கப்பட்டவனுக்குச் சபைக் கல்லறையில் இடமில்லை என்றார்கள். பூவாத்தாள் பிறந்த துப்புரவுக் காலனியின் சுடுகாட்டோரம் அவனைப் புதைத்தார்கள். அந்தச் சனிக்கிழமையும் பெர்சியாள் அம்மாள் விளக்குமாற்றோடு வந்து நின்றார்.

"மவனைத் தள்ளுன எடத்துக்கே கூட்டறதுக்கு வர்றா பாரு, ரோசங்கெட்டவ" என்றாள் ஒருத்தி, காதில் விழும்படியே.

"நாங் கூட்டறது உங்க வூட்டையா? எங்கப்பன் வூட்டை. தள்ளி நில்லு, தூசி படும்" என்றார் அம்மாள்.

மருமகளையும் பேத்தியையும் தம்மோடு வைத்துக்கொண்டார். மதம் மாறச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் பூவாத்தாளே வந்து, "அத்தே, நானும் முழுக்கு எடுத்துக்கறனுங்க" என்றாள். சபை நடுவே நின்று சாட்சி சொன்னாள்: "அவரு போனப்பொறவு என்னையும் புள்ளையையும் தாங்கினது அத்தைங்க. அத்தையைத் தாங்கறது யாருன்னு பாத்தனுங்க. ஏசுசாமின்னு தெரிஞ்சுதுங்க." சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார் போதகர். கைகள் மெல்ல மெல்ல உயர்ந்தன. மூப்பரின் கை மடியிலேயே இருந்தது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின சனிக்கிழமை. கோடைக் கிணற்றைச் சுரண்டி அம்மாள் தொட்டியை நிரப்பி முடித்திருந்தார். மூப்பர் வந்து எட்டிப் பார்த்தார்.

"பெர்சியா, நாளைக்கு உம் மருமவ கடைசியா எறங்கட்டும்."

"ஏனுங்க?"

"ஏன்னு கேக்கறியாக்கும்? அவ எறங்குன தண்ணில மத்தவங்க எப்படி எறங்குவாங்க? எம் பேத்தியும் இருக்கறா. ஒத்துவரலீன்னா ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயி முழுக்கிக்க."

அவர் போய்விட்டார். அம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று பாட்டு வரவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஆண்டவரே, எம் மவனுக்கு மண்ணு இல்லேன்னாங்க. வாய மூடிட்டுக் கெடந்தேன். இப்ப இவளுக்குத் தண்ணியும் இல்லியா? இது உம்ம தண்ணியா, ஞானாபரணத்துத் தண்ணியா? ரண்டுல ஒண்ணு சொல்லும்! உம்மது இல்லேன்னா எனக்கு இந்தத் தொட்டியும் வேண்டாம், இந்தக் கோயிலும் வேண்டாம்."

பலகைகளைப் படாரென்று மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு காலை பலகைகளைத் தூக்கினால் தொட்டி காய்ந்து கிடந்தது.

"நீதான் தொறந்து உட்டிருக்கற!" என்று பாய்ந்தார் மூப்பர்.

"நாந் தொறந்திருந்தா உங்க கண்ணு முன்னாலயே தொறந்திருப்பனுங்க."

சபையில் இருந்த கொத்தனார் உள்ளே இறங்கித் தட்டித் தட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை. தண்ணீர் வடியும் துளையில் அடித்த அடைப்பும் அடித்தபடியே இறுகி இருந்தது. கிணற்றில் சேறுதான் மிச்சம். ஊரில் தெருவுக்கு ஒருநாள் என்று முறை வைத்துத்தான் குழாயில் தண்ணீர் விடுவார்கள். அன்று துப்புரவுக் காலனியின் முறை.

பெர்சியாள் அம்மாள் போதகரைப் பார்த்தார். மூப்பருக்குப் பயந்து வாய் திறக்காத இளைஞர் அவர்.

"நாங் கேட்டா அவங்க தண்ணி தருவாங்க, ஐயரே. ஆனா மொதல்ல எறங்கறது எம் மருமவ. சம்மதமா, இல்லியா? இப்பச் சொல்லுங்க."

"அந்தத் தண்ணியா? இங்கயா?" என்றார் மூப்பர்.

போதகர் வெறுந்தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சம்மதங்கம்மா. நீங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

காலனிப் பெண்கள் குடங்களோடு முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள். அதுவரை அந்த வாசலை அவர்கள் மிதித்ததில்லை. தொட்டி நிறைய நிறைய, மூப்பர் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை.

"நீங்க போங்க தாத்தா. பூவாத்தாக்காவுக்கு அடுத்தது நான்."

மூப்பர் தனியாக வெளியேறினார். போதகர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "வாம்மா" என்று கை நீட்டினார். பூவாத்தாள் இறங்கினாள், முழுகி எழுந்தாள். கரையில் துண்டோடு நின்ற மாமியார் அவளை அப்படியே அணைத்துக்கொண்டார்.

"மூப்பரை மன்னிச்சிருங்கம்மா" என்றார் போதகர், ஆராதனை முடிந்ததும்.

"அவரு வந்து கேக்கட்டுங்க. எங்கிட்ட இல்ல, இவகிட்ட."

சாந்தமாகக் கும்பிடுகிறவர்களை ஆண்டவர் அறிவார். தம்மிடம் நியாயம் கேட்டுக் கத்திய இந்த அடியவளுக்கோ அவர் ஒரே இரவில் பதில் தந்தார். பெர்சியாள் அம்மாளின் பக்திக்கும், அதைவிட ஒருபடி மேலாக, அவருடைய கோபத்துக்கும் நம் வணக்கம்.