பாதியில் போட்ட தையல்

டாக்டர் ஜெயசிங்குக்கு ஐம்பது வயது. மாவட்ட மருத்துவமனையில் இருபது வருடம் வயிற்றைத் திறந்து அறுவை செய்தவர். சிறு துளை வழியே ஈரலில் அறுவை செய்யக் கற்பதற்காக, தன்னைவிட எட்டு வயது இளையவரான டாக்டர் செண்பகவல்லியிடம் மதுரைக்கு வந்தார்.

முதல் வாரமே மாசிலாமணி வந்தார். பள்ளி வேன் ஓட்டுநர். குடலில் தொடங்கிய புற்றுநோயை முன்பே எடுத்திருந்தார்கள்; ஆனால் அது ஈரலின் இரு பக்கமும் பரவியிருந்தது.

செண்பகவல்லி நான்கு துளைகள் போட்டு, இடப்பக்கத்துக் கட்டிகள் மூன்றை மட்டும் எடுத்தார். குடலிலிருந்து வலப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைக் கட்டி அடைத்தார். பிறகு தையலுக்குக் கை நீட்டினார்.

"வலப்பக்கம் அப்படியே இருக்கிறதே, மேடம்."

"இன்றே அதையும் எடுத்தால் மிஞ்சுகிற ஈரல் போதாது. ஆள் தாங்க மாட்டார். வலப்பக்கத்துக்கு ரத்தம் குறைந்தால் இடப்பக்கம் தானே வளரும். வளரட்டும்."

"அதற்குள் கட்டியும் வளர்ந்தால்?"

"வளரலாம்," என்றார் அவர்.

மறுநாள் மாசிலாமணி, எல்லாம் எடுத்தாச்சா என்று கேட்டார். ஜெயசிங் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தார். செண்பகவல்லி கட்டிலோரம் உட்கார்ந்து, பாதி உள்ளேதான் இருக்கிறது, நான்கு வாரம் பொறுக்க வேண்டும் என்றார். மனைவி ரூபாவதி அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

தம்பதி மருத்துவமனைக்கு எதிரே அறை எடுத்துத் தங்கினார்கள். தினமும் சாயங்காலம் அங்கே போய்வரும்படி ஜெயசிங்கிடம் சொன்னார் செண்பகவல்லி. போய் என்ன செய்வது என்று கேட்டார் அவர்.

"உட்கார்ந்திருங்கள்."

அறுவை கற்க வந்தவனை இப்படி உட்கார வைக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனார். பத்தாம் நாள், ரூபாவதி கடைக்குப் போயிருந்த நேரத்தில், மாசிலாமணி மெதுவாகச் சொன்னார்:

"வயித்துல லேசா சுருக்குன்னாலும், அது வளருதோன்னு இருக்கு சார்."

"எனக்கும் அதே நினைப்புதாங்க," என்றார் ஜெயசிங்.

மாசிலாமணி அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அன்று இரண்டு இடியாப்பம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

நான்காம் வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். இடப்பக்கம் போதுமான அளவு வளர்ந்திருந்தது. நோய் புதிதாக எங்கும் பரவவில்லை. மறுபடி துளைகள் வழியே போய் வலப்பக்கத்தை எடுத்தார்கள்.

எட்டாம் நாள் மாசிலாமணி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரை நடந்தார். டாக்டர்கள் இருவரும் வார்டு வாசலில் நின்று பார்த்தார்கள்.

"இந்த நான்கு வாரமும் உங்களுக்குப் பயமே இல்லையா, மேடம்?"

"இருந்தது டாக்டர். உங்களுக்கும் இருந்தது. அவருக்கும் இருந்தது. ஆளுக்கொரு மூலையில் பயப்பட வேண்டாம் என்றுதான் உங்களைத் தினமும் அங்கே அனுப்பினேன்."