ஏழாம் தாளில் ஒரு புகைபோக்கி

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் சேர்த்துப் புதுக் கட்டடம் எழுப்பத் தீர்மானித்தார்கள். ஏசி கூடாது, காற்றும் நிழலுமே குளிர்விக்க வேண்டும். யார் திட்டம் தேறுகிறதோ அவர் பெயர் அடிக்கல்லில் ஏறும்.

வேதியியல் பேராசிரியை அங்கயற்கண்ணியின் திட்டம் தேறவில்லை. ஆறு வயது இளையவரான கட்டடவியல் பேராசிரியர் சகாயராஜின் திட்டம் தேறியது. "வாழ்த்துகள் சார்" என்று சிரித்து வைத்தார் அங்கயற்கண்ணி. சோறு இறங்கவில்லை. வரைபடத்தின் நகலை வாங்கிப்போய்த் துருவித் துருவிப் பார்த்தார். ஏழாம் தாளில் அகப்பட்டது பிழை.

வளாகம் காலியாகக் கிடக்கும் மார்கழி விடுமுறையில் சகாயராஜ் காற்றை அளந்திருந்தார். அப்போது அது வடகிழக்கிலிருந்து வரும். அதை நம்பி, ஆய்வகப் புகைபோக்கியைத் தென்மேற்கு மூலையில் வைத்துவிட்டார். வகுப்பறைகள் நடுவில், இருபுறமும் ஜன்னல். ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வீசினால் அமிலப் புகை முழுக்க வகுப்புக்குள்தான்.

அங்கயற்கண்ணி மூச்சுவிடவில்லை. மூன்று வாரத்தில் துணைவேந்தர் முன்னால் இறுதிக் கூட்டம். அங்கே போட்டு உடைத்தால்தானே ருசி!

கூட்டத்துக்கான இறுதி வரைபடத்தைப் படியெடுத்த வரைவாளர் வைரமணியும் பிழையைக் கண்டார். 'பாவம், சகாயராஜ் சார் கூசிப்போவார்' என்று யாருக்கும் சொல்லாமல் புகைபோக்கியை வடகிழக்கு மூலைக்கு நகர்த்திவிட்டார்.

கூட்டத்தில் அங்கயற்கண்ணி எழுந்தார். "ஏழாம் தாளை எடுங்க சார். ஆடி மாசம் பிள்ளைங்க ஆசிட்டைத்தான் மூச்சா இழுக்கணும். லீவுல போய்க் காத்தை அளந்தா இப்படித்தான்!"

தாள் விரிந்தது. தென்மேற்கு மூலை காலியாக இருந்தது.

"மேடம், கண்ணாடியை வீட்டுல வெச்சிட்டீங்களா?" என்றார் துணைவேந்தர். எல்லோரும் சிரித்தார்கள்.

சகாயராஜ் சும்மா இருந்திருந்தால் அடிக்கல் அவருடையதுதான். எழுந்துவிட்டார். "மேடம் சொன்னது சரி சார். தப்பு என்னோடது. நான் வெச்சது தென்மேற்குலதான், மாத்தினது நானில்லை. திட்டத்தை நிறுத்தி மறுபடி பாக்கணும்."

பிழையைச் சொன்னவர், திருத்தியவர், ஒப்புக்கொண்டவர் என்று மூன்று பேர். வாசகரே, கட்டடத்தைக் காப்பாற்றியது யார்?

விடை: சகாயராஜ். அங்கயற்கண்ணி சொன்னது உண்மை. ஆனால் தாள் மாறியிருந்ததால் அது அந்தச் சிரிப்போடு போயிருக்கும். வைரமணி காட்டியது இரக்கம். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வகுப்பு நடக்கும்போது காற்று வடகிழக்கிலிருந்து வந்து அதே புகையை உள்ளே தள்ளும். திட்டத்தை மறுபடி பிரித்தபோதுதான் அது தெரிந்தது. அடிக்கல்லில் யார் பெயரும் ஏறவில்லை. அங்கயற்கண்ணிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சகாயராஜைப் போல ஒரு வரைபடத்தைத் தானும் போட்டுவிடலாம். அத்தனை பேர் முன்னால் 'தப்பு என்னோடது' என்று அவ்வளவு லேசாகச் சொல்லத் தனக்கு வருமா? அதை நினைக்க நினைக்கத்தான் அவருக்கு வயிறு எரிந்தது.