நுரை சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் உட்காரத் தெரியாத மன்னன் ஒருவன் இருந்தான். மந்திரி பேசும்போதும் நடப்பான். சாப்பிடும்போதும் இரண்டு கவளத்துக்கு ஒருமுறை எழுந்து சன்னல்வரை போய் வருவான். அந்த வாரம் அவன் நடை இன்னும் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமை அண்டை நாட்டரசர் விருந்துக்கு வருகிறார். சபையில் விரித்திருந்த செங்கம்பளமோ விபூதிப் பட்டை இழுத்தாற்போல் நீளநீளமாக வெள்ளைக்கோடு விழுந்து கிடந்தது.

"காலையில் கழுவுகிறார்கள், மாலையில் மறுபடி கறுக்கிறது. காய்ந்தால் கோடு! யார் செய்த வேலை இது?" என்று நடந்துகொண்டே கத்தினான்.

உக்கிராண அதிகாரி விருபாட்சர் முன்னால் வந்தார். சலவைக்கு நுரை தரும் பூந்திக்கொட்டையை அளந்து கொடுப்பவர் அவர்தான்.

"மகாராஜா, ஒன்பது நாளாக நாளுக்கு இரண்டு படி அளந்து கொடுத்தேன். அத்தனையும் கரைத்து ஊற்றியிருந்தால் கம்பளம் பளிச்சிடாதா? சலவைக்காரி காத்தாயி பாதியைத் திருடி விற்றிருக்கிறாள்."

மன்னன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "திருடி! வியாழன் பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு எல்லை தாண்டிவிடு!" என்றான்.

"சாமி, கொடுத்த அம்புட்டையும் ஊத்தினேன் சாமி! அலசத்தான் விடல..." என்று ஓரமாக நின்ற காத்தாயி தொடங்குவதற்குள் அவன் சபையின் மறுகோடிக்குப் போய்விட்டான்.

அவள் மகளுக்கு அது நிறைமாதம்.

காத்தாயி சொன்னது காதில் விழ, கோயிலிலிருந்து விகடகவி அம்மையப்பன் அப்போதுதான் உள்ளே வந்தான். குளத்தில் நனைந்த கால் இன்னும் ஈரமாக இருந்தது. கம்பளத்தில் நாலடி வைத்தான், வழுக்கியது. குனிந்து கால்விரல் இடுக்கைப் பார்த்தான். அப்படியே வெளியே போனான்.

படிக்கட்டில் காத்தாயி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலில் வாங்கிய பொங்கலை அம்மையப்பன் இலையோடு அவளிடம் கொடுத்தான்.

"முதலில் இதைச் சாப்பிடு ஆத்தா. அலச விடலைன்னு என்னமோ சொன்னியே, அது என்ன?"

"பூந்திக்கொட்டை போட்டா, குடம் குடமா நல்ல தண்ணி ஊத்தி அலசணும். அப்புறம் ரெண்டு நாள் காயணும் ஐயா. ராஜா நடக்கிற இடம் ரெண்டு நாள் ஈரமா கிடக்கலாமா, துணியால ஒத்தி எடுத்துட்டு விரின்னுட்டாரு அதிகாரி. கோடு விழுந்துச்சு. காட்டினா, பத்தலைன்னு இன்னும் ரெண்டு பிடி கொடுத்தாரு. பிசுபிசுன்னு ஆயிருச்சு, மிதிக்கிற தூசியெல்லாம் ஒட்டுது. நான் என்ன செய்ய?"

"நீ சாப்பிடு. நாளைக்குப் பார்க்கலாம்" என்றான் அம்மையப்பன்.

மறுநாள் காலை சபையில் வணங்கி நின்றான். "மன்னர்பிரானே, இந்தக் கம்பளத்துக்கு இனிப் பூந்திக்கொட்டை வேண்டியதில்லை. வெறும் தண்ணீர் போதும்."

மன்னன் இவன் பேச்சுக்குத்தான் சிரிப்பான் என்பதில் விருபாட்சருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். இப்போது விட மனமில்லை.

"விகடகவியாருக்குச் சலவையும் தெரியுமோ! நுரை பொங்காமல் அழுக்குப் போகுமா? எங்கே, வெறும் தண்ணீரில் நுரை எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள் மகாராஜா!"

சபை கொல்லென்று சிரித்தது. மன்னனுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

"அப்படியே ஆகட்டும். அம்மையப்பா, வெறும் தண்ணீரில் நுரை எழுந்தால் காத்தாயி இங்கேயே இருக்கலாம். எழாவிட்டால் நீயும் அவளோடு எல்லை தாண்டவேண்டும்."

"உத்தரவு மன்னா. ஒரே ஒரு வேண்டுகோள். தண்ணீரை அதிகாரியே தம் கையால் கொண்டுவரட்டும்."

விருபாட்சர் ஆசையாக ஓடினார். புதுக்குடம் வாங்கி, தாமே கழுவி, தாமே கிணற்றில் இறைத்து வந்தார். அம்மையப்பனின் உள்ளங்கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், குடுமியைக்கூட அவிழ்த்து உதறிப் பார்த்தார்.

"பேன் இருந்தால் சொல்லுங்கள் ஐயா, வெகுநாளாக அரிக்கிறது" என்றான் அம்மையப்பன்.

கம்பளத்தை முற்றத்தில் விரித்தார்கள். அம்மையப்பன் 'சிவசிவ' என்று குடத்தைச் சாய்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் மிதித்தான். காத்தாயி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

நுரை எழுந்தது. கணுக்காலுக்கு வந்தது. கம்பளத்தின் ஓரம் தாண்டி, காற்றில் பிய்ந்து, மந்திரியின் தாடியில் போய் ஒட்டியது.

"மோசடி! இது பூந்திக்கொட்டை நுரை! வாசனையே சொல்கிறதே!" என்று விருபாட்சர் அலறினார்.

"குடம் உங்களுடையது. என் குடுமிவரை சோதித்ததும் நீங்கள். பிறகு இது எங்கிருந்து வந்தது ஐயா?"

"கம்பளத்துக்குள் இருக்கிறது! படி படியாக இருக்கிறது!"

"அப்படியானால் திருடு போகவில்லையே" என்றான் அம்மையப்பன்.

மன்னனின் நடை சட்டென்று நின்றது.

"மன்னா, ஒன்பது நாள் கொடுத்ததெல்லாம் இங்கேயே இருக்கிறது. அழுக்கு எப்போதோ போய்விட்டது. அழுக்கை எடுக்க ஊற்றியதை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதுதான் கோடாகக் காய்கிறது, தூசியை இழுக்கிறது. காத்தாயி அலசக் கேட்டாள். அதிகாரியின் அவசரம் விடவில்லை."

மன்னன் நுரை ஒட்டிய மந்திரியைப் பார்த்தான், விருபாட்சரைப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் கைக் காப்பைக் கழற்றி அம்மையப்பனுக்குப் போட்டான்.

"இந்த அதிகாரியை என்ன செய்யலாம், சொல்."

"நல்ல பலசாலி மன்னா. நுரை நிற்கும்வரை தண்ணீர் சுமக்கட்டும், போதும். ஆனால் சபையில் நேற்று ஊற்றிய ஒரு சொல்லும் இன்னும் அலசாமல் கிடக்கிறது. அதை என்னால் அலச முடியாது."

மன்னனின் சிரிப்பு அடங்கியது. முற்றத்தில் இறங்கி காத்தாயியின் முன் நின்றான். எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்மா, உன்னைத் திருடி என்றேன். கேட்காமல் சொன்னது என் தவறு. நீ எங்கும் போக வேண்டாம்" என்றான்.

காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெயிலைப் பார்த்தாள், கம்பளத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருப்பீக சாமி. வெயில் போறதுக்குள்ள இன்னும் பத்து குடம் ஊத்தணும், அப்பத்தான் நாளை ராத்திரிக்குள்ள காயும். இப்ப புரட்டிப் போடணும், ஆள் பத்தல. அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

மன்னன் மறுபடி சிரித்தான். சிரித்துக்கொண்டே பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, முனையைப் பிடித்தான்.