பாவாயி பார்த்த பள்ளத்தாக்கு

லாரி நெறைய நிக்கிற ஒரு ஊர்ல செங்கோடன்னு ஒரு டிரைவர் இருந்தாரு. அவரு சம்சாரம் பேரு பாவாயி. பெரியம்மா தோள்ல தலைய வச்சுக்கிட்டுக் கேளு கண்ணு. அப்பப்போ "ம்" மட்டும் சொல்லு, முழிச்சிருக்கியான்னு எனக்குத் தெரியணுமில்ல.

ம்.

செங்கோடன் லோடு ஏத்திக்கிட்டு பம்பாய், கல்கத்தான்னு போவாரு. போனா வீடு திரும்ப நாளாகும். அவரு பாத்த எடத்துலயே ஒண்ணு மட்டும் மனசுல அப்பிடியே தங்கிப்போச்சு. இமயமலைக்கும் அந்தாண்ட, லடாக்குன்னு ஒரு சீமை. அவ்வளவு ஒசரத்துல ஒரு பாலைவனம். மரம் இருக்காது, மழை எப்பவாச்சும் தூறும், காத்து மட்டும் உஸ்ஸ்னு வீசிக்கிட்டே இருக்கும். அங்க ஒரு ஆறு மலைய அறுத்து அறுத்து, பூமிய வாளால பொளந்தாப்புல ஒரு பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி பாறை. காலையில காவி நெறமா இருக்கும், சாயங்காலம் கத்திரிப்பூ நெறமாயிரும். அந்தப் பாறையோட இடுப்புல ஒட்டிக்கிட்டு ரோடு போகும்.

அப்புறம், வருஷா வருஷம் வெயில் காலம் வந்தா செங்கோடன் தரையில மேப்பை விரிச்சு உக்காந்துருவாரு. மணாலி வழியா ஏறணும். பனி உருகி ரோடு தெறந்ததும் போயிரணும், மழைக்காலம் வந்தா மணாலிப் பக்கம் மலை சரியும். ஒரே மூச்சா மேல ஏறக் கூடாது, அங்கங்க தங்கி ஒடம்பு பழகுனதும்தான் அடுத்த ஏத்தம். ஓடை தாண்டுறதெல்லாம் காலையிலயே தாண்டிரணும், மத்தியானம் பனி உருகுனா தண்ணி பொங்கிரும். ரொம்ப தூரத்துக்கு டீசல் கெடைக்காது, கேன்ல எடுத்துக்கணும். இப்பிடி எல்லாத்தையும் விரல வச்சு வச்சு சொல்லுவாரு. அப்புறம் பாவாயிய நிமிந்து பாத்து, இந்த வருஷம் ரெண்டு பேரும் போயிட்டு வரலாமான்னு கேப்பாரு.

பாவாயி அரிசி பொடைச்சுக்கிட்டே, எனக்கு வேண்டாம், நீங்க வேணா போயிட்டு வாங்கன்னு சொல்லிருவா. அவரு மேப்பை மடிச்சு வச்சிருவாரு. இப்பிடியே எத்தனையோ வருஷம் போயிருச்சு.

"ஏன் பெரிம்மா வேண்டாம்னாங்க?"

சொல்றேன். அவங்களுக்கு வளர்மதின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. உன்னை விடச் சின்னப் பொண்ணு. செங்கோடன் லடாக்குக்கு லோடு கொண்டு போயிருந்தப்போ அதுக்குக் காய்ச்சல் வந்துச்சு. அவரு அங்கிருந்து போன் பண்ணினப்போ, பாப்பாவுக்கு ரொம்ப முடியலை, ஒடனே கெளம்பி வான்னு சொன்னாங்க. அவரும் கெளம்பிட்டாரு. ஆனா வந்து சேர்றதுக்குள்ள பாப்பா செத்துப்போச்சு. பொதைச்சதுக்கு அப்புறம்தான் அவரு தெருவுல வந்து எறங்குனாரு.

"காய்ச்சல்ல செத்துருவாங்களா?"

அந்தக் காலத்துல அந்தக் காய்ச்சலுக்கு அவங்க ஊர்ல வைத்தியம் சரியில்ல கண்ணு. இப்ப மருந்து இருக்கு. நீ பயப்படாத. இப்பிடி வா, போர்வைய இழுத்து விடுறேன்.

மலை சரிஞ்சு ரோடு அடைச்சிருச்சுன்னு அவரு வந்து சொன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. பாவாயியும் கேக்கல. ஆனா அவ மனசுக்குள்ள மட்டும் ஒண்ணு கெடந்துச்சு. எப்பிடியாவது வந்திருக்கலாமே, நடந்தாவது வந்திருக்கலாமே. இத வெளிய சொன்னா அந்த மனுஷன் தாங்க மாட்டாருன்னு சொல்லாமலே வச்சுக்கிட்டா. அவரு மேப்பை விரிச்சு அந்த எடம் அழகு, அந்தப் பாறை அழகுங்கும்போதெல்லாம், எம் புள்ளைகிட்ட அப்பன வர விடாத ஊர நான் எதுக்குப் போயிப் பாக்கணும்னு நெனைப்பா.

அப்புறம் செங்கோடனுக்கு சக்கரை வியாதி வந்து, இடது கால்ல வெரலெல்லாம் எடுத்துட்டாங்க. கிளச்ச மிதிக்க முடியாது. லாரிய வித்தாச்சு. பழைய ஜீப்பு ஒண்ணு மட்டும் வாசல்ல நின்னுச்சு. அந்த வருஷம் வெயில் வந்துச்சு, அவரு மேப்பை எடுக்கல. சும்மா செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நாள் ஆக ஆக சாப்பாடும் கொறைஞ்சுது, பேச்சும் கொறைஞ்சுது.

அப்போ பாவாயிக்குப் பயம் வந்துச்சு. அவ பரண்ல ஏறி, அந்த மேப்பை எடுத்து, தூசி தட்டி அவரு முன்னாடி விரிச்சா.

"வண்டிய நான் ஓட்டறனுங்க. வழிய நீங்க சொல்லுங்க."

ம் சொல்லு.

ம்.

தலை நரைச்ச பொம்பள ஜீப்பு ஓட்டக் கத்துக்கறது லேசா? மொத நாளு வண்டி டக்குனு குதிச்சு, கொர்ருன்னு உறுமி, பொத்துன்னு நின்னு போச்சு. பக்கத்து வீட்டு வேலி ஒடஞ்சுது. தெருவே சிரிச்சுது. அவ சிரிக்கவும் இல்ல, அழுகவும் இல்ல, மறுபடி சாவியத் திருப்பினா. செங்கோடன் பக்கத்துல உக்காந்து, மெதுவா, இப்ப கிளச்ச விடு, இப்ப கியர மாத்துன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஏற்காடு மலையில ஏத்தி எறக்கிப் பழகுனா. லைசென்ஸ் வாங்குனா. ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க.

நாக்பூர், ஆக்ரான்னு போய்க்கிட்டே இருந்தாங்க. பொழுது சாஞ்சா அவருக்குப் பழக்கமான லாரிக்காரங்க சாப்பிடுற கடையில தங்குவாங்க. மணாலி தாண்டி மலை ஏறுனாங்க. ஒரு பெரிய கணவாய் கிட்ட வந்தப்போ அவருக்கு மூச்சு ஹ்ஹா ஹ்ஹான்னு எரைக்க ஆரம்பிச்சுது. ஒதடு நீலமாயிருச்சு. இன்னும் கொஞ்சம்தான், உச்சியத் தாண்டுனா எறக்கம்தான், போலாம்னு அவரு சொல்றாரு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அந்த ஒடுங்குன ரோட்டுல பாவாயி முன்னும் பின்னும் போயி வண்டியத் திருப்பி, கீழ எறக்கிட்டா. அங்க ராணுவ முகாம்ல ஒரு டாக்டர் மூக்குல குழாய் மாட்டி ஆக்சிஜன் வச்சாரு. ரெண்டு மூணு நாள் கீழயே தங்கி, அவரு நல்லா மூச்சு விட்டதுக்கு அப்புறம்தான் மறுபடி ஏறுனா. இந்தத் தடவ அவருக்கு ஒண்ணும் பண்ணல.

அப்புறம் அந்தப் பள்ளத்தாக்கு வந்துச்சு. பாவாயி வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கி நின்னு பாத்தா. அவரு சொன்னபடியேதான் இருந்துச்சு. கோயில் தூண் வரிசையா நிக்கிற மாதிரி பாறை, அடியில நூலாட்டம் ஆறு. அழகாத்தான் இருந்துச்சு. அவளுக்கு அத ஒத்துக்க மனசு வரல. மறுபடியும் வண்டிய எடுத்தா.

கொஞ்ச தூரம் போயிருப்பாங்க. தடதடதடன்னு ஒரு சத்தம். எதுத்தாப்புல மலையில இருந்து மண்ணும் கல்லுமா சரிஞ்சு, ஒரே புழுதி. புழுதி அடங்கிப் பாத்தா முன்னால ரோடே இல்ல. சரி, திரும்பிரலாம்னு வந்தா, பின்னாலயும் ஒரு எடத்துல சரிஞ்சு கெடக்குது. நடுவுல மாட்டிக்கிட்டாங்க. நல்லவேளையா அங்க ஒரு டீக்கடைக் கூடாரம் இருந்துச்சு. ஆங்மோன்னு ஒரு அம்மா நடத்துறாங்க. மெஷின் வந்து மண்ண அள்ள நாளாகும், எங்கூடவே தங்குங்கன்னு ஆங்மோ இந்தியில சொன்னாங்க. செங்கோடனுக்குத்தான் இந்தி தெரியுமே, அவரு பாவாயிக்குச் சொன்னாரு.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் கூடாரத்துக்கு வெளிய வெயில்ல உக்காந்திருந்தாங்க. செங்கோடன் கீழ ஆத்தக் காட்டி, "அன்னிக்கும் இங்கதான் பாவாயி நின்னேன்"னாரு.

அவ்வளவு வருஷமா அடக்கி வச்சது அவ வாயில வந்திருச்சு. "நடந்தாவது வந்திருக்கலாமேன்னு நான் நெனைச்சிருக்கறனுங்க."

"நடந்தேன்."

அவ திரும்பிப் பாத்தா.

லாரிய விட்டுட்டு, சரிஞ்ச மண்ண ஏறித் தாண்ட முடியாம, கீழ பள்ளத்துல எறங்கி ஆத்தோரமா நடந்திருக்காரு. அந்தாண்ட போயிட்டா வேற வண்டி புடிச்சுக்கலாம்னு. நடந்து நடந்து போனா, ஒரு எடத்துல ரெண்டு பக்கமும் பாறை கிட்டக்க வந்து, நடுவுல ஆறு மட்டும் ஓடுது. கால் வைக்க எடமில்ல. தண்ணியில எறங்கியிருக்காரு. இழுத்துட்டுப் போச்சு. ஒரு பாறையப் புடிச்சுத் தொங்குனவர ராணுவக்காரங்க பாத்துக் கயித்தப் போட்டுத் தூக்கினாங்க. இதையெல்லாம் அவரு தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"போயிச் சேரலியே. சேராத நடைய எப்பிடி உங்கிட்ட வந்து சொல்லுவேன்? இந்த எடத்த நீ ஒரு தடவ கண்ணால பாத்தாப் போதும்னு நெனைச்சேன், அதான் வருஷா வருஷம் கூப்பிட்டேன்."

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்புறம் பாவாயி எந்திரிச்சா. எங்க போறேன்னு அவரு கேட்டாரு, அவ பள்ளத்தக் கையக் காட்டிட்டு நடந்தா. ஆங்மோ அந்த வழி தெரிஞ்சவங்க, அவங்களும் கூடப் போனாங்க. ரெண்டு பொம்பளைங்களும் பள்ளத்துல எறங்கி ஆத்தோரமா நடந்தாங்க. செங்கோடன் மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. சின்னதாத் தெரிஞ்சாங்க, அப்புறம் பாறை மறைச்சிருச்சு.

வெயில் ஏறிக்கிட்டே போச்சு. கடைசியில அந்த எடம் வந்துச்சு. ரெண்டு செவுரும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டுறாப்புல நிக்குது. நடுவுல ஆறு ஹோன்னு எரைச்சுக்கிட்டுப் போகுது. சாம்பக் கலர்ல தண்ணி. பேசுனாக் கேக்காது. ஆங்மோ பாவாயியோட கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்க. பாவாயி ஒரு கால மட்டும் தண்ணிக்குள்ள வச்சா. சொர்ருன்னு செருப்ப உருவிக்கிட்டுப் போயிருச்சு. கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள காணோம். காலு மரத்துப் போச்சு. அவ கால எடுத்துட்டு, ஒரு கல்லு மேல உக்காந்து, தண்ணி ஓடுறதையே ரொம்ப நேரம் பாத்தா. பாறையப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு ஒரு மனுஷன், புள்ள பேரச் சொல்லிக் கத்தியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. அப்பத்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு. நல்லா அழுதா. ஆங்மோவுக்குத் தமிழ் தெரியாது. முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

மத்தியானத்துக்கு மேல ஒத்தச் செருப்போட நொண்டிக்கிட்டே பாவாயி ஏறி வந்தா. செங்கோடன் அதே எடத்துல உக்காந்திருந்தாரு, டீ ஆறிப்போயிப் பக்கத்துல கெடந்துச்சு. அவ காலப் பாத்துட்டு, செருப்பு எங்கன்னு கேட்டாரு.

"ஆத்துல போயிருச்சுங்க." அவ பக்கத்துல உக்காந்து, அவரு வெரல் இல்லாத கால எடுத்து மடியில வச்சுக்கிட்டா. "பாத்துட்டனுங்க. அதுல யாராலயும் வர முடியாது."

அந்த மனுஷன் புள்ளையப் பொதைச்ச எடத்துலகூட அழுகாதவரு. அன்னிக்கு அழுதாரு.

அப்புறம் மெஷினு கர்ர்ர்னு வந்து மண்ண அள்ளி ஒதுக்குச்சு. ரோடு தெறந்துச்சு. பாத்தாச்சே, ஊருக்குத் திரும்பிரலாமான்னு செங்கோடன் கேட்டாரு. பாவாயி வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு மேப்பை அவரு மடியில வச்சா.

"இன்னும் மேல ரோடு இருக்குதில்லீங்க. வழியச் சொல்லுங்க, போலாம்."

ம்?

அவ்வளவுதான் கண்ணு. அவங்க வண்டி வளைவுல திரும்பிருச்சு, இனி பெரியம்மா கண்ணுக்கும் தெரியாது. நீயும் கண்ண மூடிக்கோ. தூங்கு.