கூரையில் ஒரு கண்ணாடி ஓடு

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. அவை பேசியதுகூடப் பெரிதில்லை. மனிதர்கள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது, அதுதான் தொல்லை. சூரியனும் பேசினான். அவனுக்கும் மனிதர்களுக்கும் ஓர் உடன்பாடு இருந்தது: வெளியெல்லாம் அவனுக்கு, கூரைக்குக் கீழே மனிதர்களுக்கு. யார் போய்ப் பேசி முடித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அதைப் பற்றி மூன்று கட்சிகள் உண்டு, மூன்றும் தவறு. ஆனால் சூரியன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கதவு திறந்திருந்தாலும் வாசற்படி வரை வந்து நிற்பானே தவிர, படி தாண்டமாட்டான். அதனால் நடுப்பகலிலும் வீட்டுக்குள் கும்மிருட்டு. புதுக்கூரை வேய்ந்தால் ஊரார் உள்ளே போய் அண்ணாந்து பார்ப்பார்கள். எள்ளளவு வெளிச்சம் தெரிந்துவிட்டால் வேய்ந்தவனுக்கு அவமானம்.

பூரணத்தின் வீட்டில் அந்த எள்ளளவும் கிடையாது. அவள் அப்பா சூளைக்காரர். மகள் கல்யாணத்துக்கென்று ஓடுகளைத் தானே சுட்டு, தானே வந்து வேய்ந்து கொடுத்தார். “எங்க வீட்டு இருட்டு மாதிரி வேற எவ வீட்ல இருக்கு?” என்று கிணற்றடியில் பூரணம் பெருமை பேசுவாள்.

அவள் புருஷன் அய்யாக்குட்டி பனையேறி. விடியுமுன்பே முதல் மரத்தின் உச்சியில் இருப்பான். ஊரில் சூரியனை முதலில் பார்ப்பது அவன்தான். பார்த்ததும், “விடிஞ்சாச்சூ!” என்று மேலிருந்து ஒரு சத்தம் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் ஊர் பாயைச் சுருட்டும். அவனும் அதற்குப் பிறகுதான் இறங்கிவந்து கஞ்சி குடிப்பான்.

அவனுக்கு ஒரு பகையாளி இருந்தது, மரநாய். அப்போதெல்லாம் அது பகலில்தான் திரிந்தது. அவன் ஒரு மரத்தில் பாளை சீவிக்கொண்டிருக்கும்போது, அடுத்த மரத்துக் கலயத்தில் அது தலையை விட்டுப் பதநீர் குடித்துக்கொண்டிருக்கும்.

“ஏலே, எடுலே வாயை!”

“ஒரே ஒரு மடக்கு அண்ணாச்சி. நாக்கு நனையல.”

“மீசையெல்லாம் நனைஞ்சிருக்கு, நாக்கு நனையலையாம்!”

பனையேற்றக் காலம் பிறந்து சில நாள் ஆகியிருந்தது. ஒருநாள் பருவம் தப்பிச் சாரல் விழுந்தது. ஏறக்கூடாத நாள். ஆனால் தூரத்து மரத்தில் அந்த வால் தொங்குவதைப் பார்த்ததும் அய்யாக்குட்டிக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று ஏறினான். பாதி மரத்தில் கால் வழுக்கிற்று.

இடுப்பெலும்புக்குக் கட்டுப் போட்ட வைத்தியர், மூன்று மாதம் ஆளை இம்மிகூட அசைக்கக்கூடாது, கட்டிலோடு நகர்த்தவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அய்யாக்குட்டி அந்தப் பெருமைக்குரிய இருட்டில் மல்லாந்து கிடந்தான்.

மறுநாள் காலை பூரணம் விளக்கோடு கஞ்சி கொண்டுபோனாள்.

“விடியாம என்ன கஞ்சி?” என்றான்.

“விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!”

“நீ சொன்னா ஆச்சா? ஊருக்கே விடிஞ்சதைச் சொன்னவன் நான். பாக்காம எப்படிக் குடிப்பேன்?”

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். நான்கு நாள் ஆயிற்று. அழுதாள், ஏசினாள், குழந்தைக்குப் போல மூக்கைப் பிடித்து ஊட்டப் பார்த்தாள். இரண்டு கரண்டிக்குமேல் இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஐந்தாம் நாள் முற்பகலில் கூரைமேல் பிராண்டும் சத்தம் கேட்டது. பூரணம் வெளியே ஓடிவந்தாள். மரநாய், குற்றவாளிக்கு உரிய முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

“மைனி, அண்ணாச்சி எப்படி இருக்காவ?”

“வெக்கமில்லாம அதைக் கேக்க வந்தியாக்கும்? பட்டினி கிடந்து சாவுதாவ, போய்ப் பதநீர் குடி!” கல்லைத் தேடினாள். பிறகு அவளே வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அதனிடம் சொன்னாள். கேட்க வேறு யார் இருந்தார்கள்?

மரநாய் கொஞ்சநேரம் வாலைப் பார்த்தது. பிறகு இறங்கி, ஊரிலேயே உயரமான பனையில் ஏறியது. உச்சியில் நின்று சூரியனை நேராகப் பார்த்து ஏதோ பேசுவது பூரணத்துக்குத் தெரிந்தது. என்ன பேசுகிறது என்று காதில் விழவில்லை. அது இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. கண்ணை இடுக்கிக்கொண்டு, மரத்தைத் தடவித் தடவி வந்தது.

“உள்ள வாரேன்னு சொல்லிட்டான் மைனி. கூரையில ஒரே ஒரு ஓடு கழட்டினாப் போதுமாம்.”

“சும்மாவா சம்மதிச்சான்?”

“சும்மாதான்.”

பூரணம் கூரையைப் பார்த்தாள். அப்பா வேய்ந்த கூரை. நாளைக்குக் கிணற்றடியில் என்னவெல்லாம் பேசுவார்கள்! அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. “பூரணம்... நீ வீட்டுலதான் இருக்கியா?”

அவள் துறட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலைவிட்டுத் தள்ளி நின்று, அண்ணாந்து ஓங்கி ஒரு குத்து. ஒரே ஓடு. கழன்று, சரிந்து, முற்றத்தில் விழுந்து உடைந்தது.

நீளமான, தடித்த ஒரு வெளிச்சத் தூண் கூரையிலிருந்து கட்டில்மேல் வந்து இறங்கியது. அய்யாக்குட்டி கையை அதற்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை, புறங்கை, மறுபடி உள்ளங்கை. பிறகு, வெளியே கேட்கிற அளவுக்குக் குரல் இல்லாவிட்டாலும், “விடிஞ்சாச்சூ” என்றான்.

உச்சிவெயிலில் விடிந்தது என்று சொன்னவனை யாரும் திருத்தவில்லை. பூரணம் கஞ்சிக் கலயத்தைத் தேடி ஓடினாள்.

மூன்றாம் நாள் மழை. மரநாய் அந்த ஓட்டையின்மேல் குப்புறப் படுத்து அடைத்துக்கொண்டது. அதன் வால் வழியாகத் தண்ணீர் கஞ்சிக்குள் சொட்டியது.

“ஏலே, வாலை எடுலே!” என்று கத்தினான் அய்யாக்குட்டி. அந்தத் திட்டைக் கேட்டுப் பூரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

செய்தி கேட்டு வந்த பூரணத்தின் அப்பா முகத்தைத் தொங்கப்போட்டார். பிறகு மருமகன் முகத்தைப் பார்த்தார். வந்த காலோடு சூளைக்குத் திரும்பினார். வெண்மணலைப் பல நாள் உருக்கி, அதே அளவில் கண்ணாடியில் ஓர் ஓடு வார்த்துக் கொண்டுவந்தார். அதைப் பொருத்தியபோது ஓட்டையின் பக்கத்திலிருந்து எழுந்த மரநாய், இரண்டடி நடந்து கூரை மோட்டில் முட்டிக்கொண்டது.

“பட்டப்பகல்ல கண்ணு தெரியலையா உனக்கு?” என்றாள் பூரணம்.

அது மூக்கைத் தடவிக்கொண்டது. அவளுக்குப் பொறி தட்டியது. “உண்மையைச் சொல்லு. அன்னைக்கு அவன் என்ன கேட்டான்?”

“வீட்டுக்குள்ள ஒருத்தருக்குப் பகல் குடுத்தா வெளிய ஒருத்தர் தன் பகலை விடணும்னான். அவ்வளவுதான் மைனி. ராத்திரியில பனை ஒண்ணும் ஓடிப்போயிராதே.” அது கொட்டாவி விட்டது. “தூக்கம் வருது. இந்தக் கூரைக்குள்ள கொஞ்சம் முடங்கிக்கிடவா?”

பூரணம் ஒரு பழைய சாக்கை மடித்துப் பரண்மேல் போட்டாள்.

அன்று முதல்தான் ஓட்டு வீடுகளில் ஒரே ஓர் ஓடு மட்டும் கண்ணாடியாக இருக்கிறது. மரநாய் பகலெல்லாம் கூரைக்குள் தூங்கி, இருட்டியபின் பனை ஏறுகிறது. காலையில் ஒரு கலயம் குறைந்திருந்தால் பனையேறி வாய் நிறையத் திட்டுகிறான், ஆனால் கல்லை எடுப்பதில்லை.