மணல்குழியில் ஒரு கை

எதுத்தாளா? எதுக்கவே இல்லடி, சொன்னதத்தான் செஞ்சா வேலுத்தாய். மைதானத்துல நீளம் தாண்டுற குழி மணலை நெரவி விடுறவ. வலது கையில ஒரு விரலு கரும்பு மெஷின்ல போயிருச்சு. அந்த மெஷின்காரன் அப்புறம் கரும்பையே தொடல, அது கிடக்கட்டும்.

மண்டலப் போட்டியில மைதானத்தப் பாத்துக்கிற சங்கத்துச் செயலாளர் மவன் நல்லாத்தான் தாண்டினான், ஆனா வலது கையப் பின்னால ஊனிட்டான். காலு பட்ட எடத்த விட்டுட்டு, பின்னால கை பட்ட எடம் வரைக்குந்தான் அளப்பாங்க, தூரம் கொறஞ்சிரும். மெடல் போயிருமே!

செயலாளர் வேலுத்தாய்கிட்ட ஓடியாந்து, "அது உன் கைத்தடம்னு சொல்லு. இல்லாட்டி நாளையில இருந்து வேலைக்கு வராத"ன்னாரு.

"சரிங்கய்யா."

நடுவர் வந்து, "யாரு கை இது?"ன்னாரு.

"என்னுதுதாங்க"ன்னு வலது கையத் தூக்கிக் காட்டினா.

நடுவர் எண்ணிப் பாத்தாரு. மணல்ல அஞ்சு, கையில நாலு. டேப்பைக் கைத்தடத்துல வச்சாரு.

"நீங்க சொன்னபடிதான சொன்னேங்கய்யா?"ன்னா செயலாளர்கிட்ட.

ஏட்டி செண்பகம், மாடியில காயுற வடகத்தட்ட உள்ள கொண்டா. எவளோ கை வச்சிருக்கா.